'கண்டிஷனாலிட்டி': நிபந்தனைத்தன்மையா, நிபந்தனையீடா?

அன்புள்ள ஐயா,

'கண்டிஷனாலிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழாக்கம் பற்றி நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில்.

> 'நிபந்தனைத்தன்மை' என்றே இருக்கட்டுமே. கேட்டதும் புரிகிறது. புதுச்சொல் எதற்கு?

புரிகிறது, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. 'தன்மை'யை ஒட்டினால் நெகிழ்தன்மை, எரிதன்மை போல அது ஒரு பொருளின் குணமாகிவிடும். நீங்கள் மொழிபெயர்க்கும் கட்டுரையோ முன்னாள் கம்யூனிச நாடுகளிடம் ஐரோப்பிய ஒன்றியம் நடத்திய பேரத்தைப் பற்றியது. இதைச் செய்தால் அது கிடைக்கும், செய்யாவிட்டால் இல்லை. அது செயல், குணம் அல்ல.

என் பரிந்துரை 'நிபந்தனையீடு'. மதிப்பிடு மதிப்பீடு ஆனதுபோல, குறுக்கிடு குறுக்கீடு ஆனதுபோல, நிபந்தனையிடு நிபந்தனையீடு ஆகிறது. 'ஈடு' என்பதற்குப் பிணைப்பொருள் என்ற பொருளும் உண்டு என்பது கூடுதல் வசதி. அடகுக் கடைக்காரரிடம் நகை இருக்கும்வரைதான் அவர் பேச்சுக்கு மதிப்பு. ஒன்றியத்தின் கதையும் ஏறத்தாழ அதுதான்.

ஸ்லோவாக்கியாவைப் பாருங்கள். ஒன்றியத்தில் சேர 1993இல் கோப்பன்ஹேகனில் வகுத்த தகுதிகளில் அரசியல் தகுதி இல்லையென்று, மெச்சியார் ஆண்ட அந்நாட்டை 1997 டிசம்பரில் லக்சம்பர்க் மாநாடு ஒதுக்கிவைத்தது. முன்னாள் கம்யூனிச நாடுகளில் போலந்து, ஹங்கேரி, செக், எஸ்டோனியா, ஸ்லோவேனியா ஆகியவற்றுக்கு மட்டும் பேச்சுவார்த்தைக்கு அழைப்பு. மறு ஆண்டுத் தேர்தலில் மெச்சியார் கட்சி முதலிடம் பெற்றும் ஆட்சியமைக்க முடியவில்லை. ஜுரிந்தாவின் கூட்டணி வந்தது, 2000இல் பேச்சுவார்த்தை தொடங்கியது, 2004 மே 1 அன்று மற்றவர்களோடு ஸ்லோவாக்கியாவும் உள்ளே நுழைந்தது. இங்கே ஈடு, உறுப்புரிமை.

உறுப்புரிமையைக் கொடுத்த பிறகு கையில் என்ன இருக்கிறது? ஹங்கேரி 2012இல் நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 62க்கு ஒரேயடியாக இறக்கியது. அது தவறு என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பளித்தது. அதற்குள் காலியான பதவிகளில் வேறு ஆட்கள் அமர்ந்தாயிற்று. உறுப்பு நாட்டின் வாக்குரிமையைப் பறிக்க வழிசெய்யும், ஒன்றிய ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவுக்கோ மற்ற உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒருமனதாக இசைய வேண்டும். போலந்து மீது 2017இலும் ஹங்கேரி மீது 2018இலும் அந்த நடைமுறையைத் தொடங்கினார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை நின்றபோது ஒருமனதுக்கு எங்கே போவது?

> சேர்ந்த பிறகு நடப்பதற்குத் தனிச்சொல் வேண்டாமா?

வேண்டாம் என்பேன். ஈடுதான் மாறியது, செயல் அதே. 2021 முதல் நடைமுறையில் உள்ள விதி, சட்டத்தின் ஆட்சி சீர்குலைந்து ஒன்றியத்தின் நிதிக்குப் பாதிப்பு நேர்ந்தால் பணத்தை நிறுத்திவைக்க இடம் தருகிறது. அதன்படி 2022 டிசம்பரில் ஹங்கேரிக்கான சுமார் 630 கோடி யூரோவை நிறுத்தினார்கள். அந்த விதியின் பெயரை 'நிபந்தனையீட்டு ஒழுங்குவிதி' என்று எழுதிப் பாருங்கள், வாக்கியத்தில் உட்காருகிறது. 'நிபந்தனைத்தன்மை ஒழுங்குவிதி' நொண்டுகிறது.

உங்கள் கட்டுரையில் 2023 டிசம்பர் பற்றிய பத்தியில் மட்டும் கவனம் தேவை. நீதித்துறைச் சீர்திருத்தத்தைக் காரணம் காட்டி, வேறு கணக்கில் முடக்கியிருந்த சுமார் 1,020 கோடி யூரோவை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஆணையம் ஹங்கேரிக்கு விடுவித்தது. மறுநாள் உக்ரைனுடன் உறுப்புரிமைப் பேச்சுவார்த்தை தொடங்கலாமா என்ற முடிவின்போது, அதை எதிர்த்துவந்த, அப்போதைய ஹங்கேரிப் பிரதமர் ஓர்பான் அறையை விட்டு வெளியேறினார். மற்ற 26 தலைவர்களும் முடிவெடுத்தார்கள். யார் யாருக்கு நிபந்தனை இட்டார்கள் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஆணையம் தொடர்பு எதுவும் இல்லை என்றது. நீங்கள் அங்கே 'பேரம்' என்று எழுதியிருப்பது ஒரு தரப்பின் தீர்ப்பு, அதைக் கட்டுரையாசிரியர் வாயில் திணிக்க வேண்டாம்.

'நிபந்தனை' வடசொல்லாயிற்றே என்று யாராவது வரக்கூடும். வரட்டும். பத்திரம் எழுதுகிறவர் முதல் வங்கிவரை எல்லோரும் புழங்கும் சொல்லை எடுத்துவிட்டு, அடிக்குறிப்பு கேட்கும் ஒன்றை வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. இழப்பீடு, காப்பீடு என்ற வரிசையில் இதையும் ஏதோ தொகை என்று சிலர் எண்ணலாம் என்பதே எனக்கு உறுத்தல். முதல் முறை வரும்போது 'நிபந்தனையிட்டுப் பயன் தரும் முறை' என்று ஒரு வரி விளக்கம் சேர்த்தால் போதுமென்று நினைக்கிறேன்.

'அக்கி' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு, அதாவது புதிய உறுப்பினர்கள் முழுவதுமாக ஏற்க வேண்டிய ஒன்றியச் சட்டங்களின் திரட்டுக்கு, 'ஒன்றியச் சட்டத்தொகுதி' என்று குறித்து வைத்திருக்கிறேன். அதைவிடச் சுருக்கமாக உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.