குரோமியம் விளக்கு இல்லாத ஆய்வகம்: அரசு நிதி வந்தபோதும் வராதபோதும் நீங்கள் கண்டது என்ன?

பாலாற்றங்கரை

நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தது ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில். பாலாற்றுப் படுகையின் கிணற்று நீரில் கன உலோகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் தலைப்பு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடக் குரோமியம் உப்பு பயன்படுவது ஊரறிந்த விஷயம். மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில்தான். ஆக, நான் முதலில் அளக்க வேண்டியது குரோமியம்.

எங்கள் துறையில் ஏஏஎஸ் கருவி இருந்தது, நீரில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. டெல்லியிலிருந்து வந்த திட்டப் பணத்தில் வாங்கியது. திறப்பு விழாப் படம் துறைத் தலைவர் அறையில் மாட்டியிருக்கும். அந்தக் கருவியில் ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனி விளக்கு மாட்ட வேண்டும். விளக்குக்கு ஆயுள் உண்டு, அலமாரியில் சும்மா கிடந்தாலும் கெட்டுப்போகும். திட்டக் காலம் முடிந்ததும் பராமரிப்பு எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. பல்கலைக்கழகத்திலோ சம்பளத்துக்கே இழுபறி. நான் சேர்ந்தபோது துத்தநாகம், செம்பு, ஈயம் மூன்றுக்கும் விளக்கு எரிந்தது. குரோமியத்துக்கு எரியவில்லை.

விளக்கு கேட்டு நான்கு முறை எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் கோப்பு "ரெக்கரிங்கில் (தொடர் செலவுக் கணக்கில்) நிதி இல்லை" என்று திரும்பி வந்தது. கைக்காசில் வாங்கலாம் என்றால் எனக்கு உதவித்தொகையே இல்லை. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்காத ஆய்வாளருக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) மாதம் 8,000 ரூபாய் தருகிறது, ஆனால் அது மத்தியப் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்களுக்கு மட்டும். அதை நிறுத்தப் போவதாக 2015 அக்டோபரில் செய்தி வந்து, டெல்லியில் மாணவர்கள் யுஜிசி அலுவலகத்தின் முன்னால் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்தை நான் மனதார ஆதரித்தேன். ஆனால் நிறுத்துவதற்குக்கூட எங்களுக்கு அந்தத் தொகை இருந்ததில்லை என்பதும் உறுத்திக்கொண்டே இருந்தது.

கடைசியில் நான் செய்தது இதுதான்: விளக்கு எரிந்த மூன்று உலோகங்களை மட்டும் அளந்தேன். தலைப்பிலும் குரோமியம் வராதபடி மாற்றினோம். வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் முதலில் கேட்டதே "ஏன் குரோமியம் இல்லை?" என்றுதான். நெறியாளர் தலை குனிந்துகொண்டார். நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நிதி இல்லாவிட்டால் ஆய்வு நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அது நிற்பதில்லை, இருக்கிற பணத்துக்கு ஏற்றபடி கேள்வி மாறிவிடுகிறது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது தெரியவும் தெரியாது, ஏனென்றால் ஆய்வேடு முழுசாகத்தான் இருக்கும். உங்கள் இடத்தில் நடந்ததையும் எழுதுங்கள்.

கௌரவ விரிவுரையாளர், தென் மாவட்டம்

அண்ணா, உங்கள் விளக்குக் கதைதான் எங்கள் வகுப்பறையிலும் நடக்கிறது. நான் தாவரவியல். ஆய்வு செய்தது புல் வகைகளின் வகைப்பாட்டியல். அரசுக் கல்லூரியில் மாதம் 25,000 ரூபாய், வருடத்துக்கு 11 மாதம். மே மாதம் சம்பளம் கிடையாது. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி 2019 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது.

சம்பளத்தை விடுங்கள். நிரந்தர இடம் நிரப்பப்படாததால் பாடம் எப்படி மாறுகிறது என்று சொல்கிறேன். யார் இருக்கிறாரோ அவருக்கு எது தெரியுமோ, அந்த விருப்பப் பாடம்தான் திறக்கும். பூஞ்சையியல் தெரிந்தவர் ஓய்வு பெற்றார், அதோடு அந்தத் தாளும் போனது. களப்பயணத்துக்கு மாணவர்களை அழைத்துப்போக நிரந்தர ஆசிரியர் ஒருவர் கூட வர வேண்டும் என்கிறார்கள். எங்கள் துறையில் இருப்பதே ஒருவர், அவர்தான் தேர்வுப் பணியும் பார்க்கிறார். மேற்குத் தொடர்ச்சி மலை ஜன்னலில் தெரியும். அதை வைத்துக்கொண்டு செடிகளைப் படம் காட்டி நடத்துகிறேன்.

ஆய்வுத் திட்டம் எழுதி நிதி கேட்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். பெரும்பாலான திட்டங்களில் முதன்மை ஆய்வாளர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். அந்த வாசலும் அடைத்துத்தான் இருக்கிறது.

ஒரு நல்லதையும் சொல்லியாக வேண்டும். 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் வந்ததும் அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்கில் விழ ஆரம்பித்தது. ரெக்கார்டு நோட்டு வாங்கக் காசில்லாமல் செய்முறை வகுப்பன்று லீவு போடும் பிள்ளைகள் எனக்கு இருந்தார்கள். இப்போது அப்படி யாரும் லீவு போடுவதில்லை. அரசுப் பணம் சரியான கைக்கு, சரியான தேதியில் போனால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு செய்முறை வகுப்பிலும் பார்க்கிறேன்.

நிதிப்பிரிவில் 26 வருடம்

தம்பி, அந்தக் கோப்பில் "நிதி இல்லை" என்று எழுதும் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன், வேறொரு பல்கலைக்கழகத்தில். அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

மாநில அரசு ஆண்டுதோறும் தருவது ப்ளாக் கிராண்ட், மொத்தமாக ஒரு தொகை. அனுமதி இல்லாத பணியிடம், கூடுதலாகக் கொடுத்த ஊதிய உயர்வு என்று உள்ளாட்சி நிதித் தணிக்கையில் ஆட்சேபம் வந்தால், அந்தச் செலவைக் கழித்துக்கொண்டுதான் நல்கை வரும். ஆட்சேபம் வருஷக்கணக்கில் தீராது. ஓய்வூதியம் வேறு ஏறிக்கொண்டே போகும். இந்தப் பள்ளத்தைப் பல காலம் தொலைதூரக் கல்வி வருமானம் நிரப்பியது. 2013இல் மாநிலப் பல்கலைக்கழகங்கள் மாநில எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்தக் கூடாது என்று யுஜிசி கண்டிப்புக் காட்டிய பிறகு அந்த வருமானமும் இளைத்தது.

அப்புறம் நாங்கள் என்ன செய்தோம்? சுயநிதிப் படிப்புகளைத் திறந்தோம். கட்டணம் கட்ட ஆள் வருகிற படிப்பாகப் பார்த்துத் திறந்தோம். தத்துவத்துக்கும் வரலாற்றுக்கும் ஆள் போடச் சொல்லி வந்த கோப்புகள் என் மேசையிலேயே பழுத்துப்போயின. அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. ஒரு பல்கலைக்கழகத்தின் மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு நல்கையாக இருந்தால்தான், அரசு நிதியில் நடக்கும் நிறுவனம் என்ற முறையில் அதற்கு வருமான வரி விலக்கு. நல்கை குறைந்து, கட்டணத்தை வைத்துச் சமாளித்தால் அந்த விகிதம் புரண்டுவிடும். அரசு கொடுக்காததாலேயே வரியும் கட்ட வேண்டிய நிலை வரும். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வரி பாக்கிக்காக வருமான வரித்துறை முடக்கியபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கட பக்கமும் ஒரு வரி. இங்கே அரச பல்கலைக்கழகத்தில் இளமாணி (இளநிலைப் பட்ட) படிப்புக்குக் கட்டணம் இல்லை, நான் படித்தது அந்தப் புண்ணியத்தில்தான். 2012இல் நான் இரண்டாம் வருடம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று விரிவுரையாளர்கள் ஏறக்குறைய நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். என்ர படிப்பு பிந்தியது, கோபமும் வந்தது. பிறகு நானே ஆய்வுகூடத்தில் செய்முறை காட்டுகிற வேலைக்கு வந்தபோதுதான் அவர்கள் என்ன கேட்டார்கள் என்று விளங்கியது. 2022இல் டொலர் இல்லை, இரசாயனங்கள் வரவில்லை, எரிபொருள் இல்லாததால் பிள்ளைகளும் வர முடியவில்லை. நான் தனியே நின்று, ஒரு கரைசலைத் துளித்துளியாக விட்டு இன்னொன்றின் செறிவை அளக்கிற தரம்பார்த்தலைச் செய்து கைபேசியில் காணொளி எடுத்து அனுப்பினேன். நிறம் மாறுகிற அந்தத் துளியைத் தன் கையால் விடாமலே ஒரு தொகுதி மாணவர்கள் அந்தப் பாடத்தைக் கடந்து போனார்கள்.

பாலாற்றங்கரை

ஐயா, உங்கள் நாற்காலியிலிருந்து எழுதியதற்கு நன்றி. இவ்வளவு நாள் அந்தக் கையெழுத்தின் மேல்தான் கோபமாக இருந்தேன்.

விளக்கு வந்ததா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். வந்தது, நான் பட்டம் வாங்கிய பிறகு, இன்னொரு பேராசிரியரின் திட்டத்தில். என் ஜூனியர் இப்போது அதே கிணறுகளில் குரோமியம் அளக்கிறாள். ஒப்பிட்டுப் பார்க்க என் பழைய நீர் மாதிரிகள் கிடைக்குமா என்று கேட்டாள். நைட்ரிக் அமிலம் சேர்த்து வைத்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் அந்த நீரை நம்ப முடியாது. புட்டிகளை அப்போதே கழுவிக் கவிழ்த்துவிட்டோம். கிணறுகளின் பட்டியலை மட்டும் அனுப்பி வைத்தேன்.