கோடையில் பனிச்சறுக்கு மலைக்குக் காரில் போகிறவர்களுக்கு: பழகியவர்கள் சொல்வது

பனி இல்லை, டயருக்குச் சங்கிலி மாட்ட வேண்டாம், சாலை காய்ந்து கிடக்கிறது என்று சாவகாசமாகக் கிளம்புகிறவர்கள் அதிகம். ஏறும்போது ஒன்றும் ஆகாது. வண்டி மாட்டிக்கொள்வது மாலையில் இறங்கும்போதுதான். குளிர்காலத்தில் வேகமும் குறைவு, உறைகுளிர் பிரேக் டிஸ்க்கை (சக்கரத்தோடு சுழலும் தட்டு) ஆற்றிக்கொண்டே வரும். கோடையில் வெயில் சூடு, வண்டி நிறைய ஆள், மலைச் சரிவில் ஓட்டக் கூரையில் சைக்கிள்; பிரேக் சீக்கிரம் சூடேறிவிடும்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள்; சரிவு அதிகமென்றால் இன்னும் ஒன்று குறையுங்கள். கியரை இறக்கம் தொடங்குமுன் மாற்ற வேண்டும், வேகம் பிடித்த பிறகு அல்ல. ஆட்டோமேட்டிக்கில் 'டி'யிலேயே விட்டால் பல வண்டிகள் உயர் கியருக்குத் தாவிவிடும். குறைந்த கியருக்கோ இன்ஜின் பிரேக்குக்கோ உள்ள 'எல்', '2', 'பி' எது இருக்கிறதோ அதில் போடுங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000, 3,500 சுற்றில் இரைவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இப்போதைய இன்ஜின்கள் அந்த நேரத்தில் எரிபொருளை நிறுத்திவிடும்.

பிரேக்கை லேசாக அழுத்தியபடியே வருவதுதான் பெரிய தப்பு. வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 35 வரும்வரை அழுத்திப் பிடித்து, முழுக்க விட்டுவிடுங்கள். விட்டிருக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் டிஸ்க் ஆறும்.

கோளாறு எதில் என்பதை மிதி சொல்லிவிடும். மிதி கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்றால் பேட் (டிஸ்க்கைப் பிடிக்கும் கட்டை) சூடேறி வழுக்குகிறது. மிதி மெத்தென்று உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி கட்டிவிட்டது. இரண்டாவதுதான் ஆபத்து. டாட் 4 என்ற தரவகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடலாம். டாட் 3-க்கு இவை 205, 140. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி, கியரில் அல்லது 'பார்க்'கில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, அரை மணி நேரம் ஆற விடுங்கள். பிரேக் மிதியை அமுக்கிக்கொண்டே உட்காராதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, டிஸ்க் கோணிவிடும், விரிசலும் விடும்.

* * *

மேலே சொன்னதில் மறுப்பில்லை. ஏற்றத்துக்கும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத இன்ஜின் 1,000 மீட்டர் ஏறினால் சுமார் பத்தில் ஒரு பங்கு இழுவையை இழக்கும். முன்னால் போகும் வண்டியை முந்தக் கீழே எடுத்த தூரம் மேலே போதாது. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறினால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். அப்படியும் இறங்காவிட்டால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். உள்ளே வேகும், ஆனால் ரேடியேட்டர் பிழைக்கும்.

மலை ஏறுமுன் டயர் காற்றைக் குறைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயரத்தால் அளவுமானியில் கூடுவதும், குளிர்ச்சியால் குறைவதும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும்.

வழிகாட்டிச் செயலியில் மலையின் பெயரைப் போடாதீர்கள். குறி உச்சியில் நிற்கும்; அது உங்களைப் பராமரிப்பு வண்டிகள் போகும் ஜல்லிப் பாதையில் ஏற்றிவிடும். அடிவார வாகன நிறுத்தத்தைப் போடுங்கள். பனி உறைந்து உருகிக் கிழித்த தார்ச்சாலையை ஒட்டுப்போடக் கோடை மட்டும்தான் வாய்ப்பு, அதனால் ஒருவழிப் போக்குவரத்தில் காத்திருப்பது சகஜம். டேங்கைக் கீழேயே நிரப்பிவிடுங்கள்.

* * *

மின்கார்காரர்களுக்கு: 2 டன் வண்டியை 1,000 மீட்டர் தூக்கவே சுமார் 5.5 கிலோவாட் மணி வேண்டும். தூரத்துக்கான செலவு தனி. இறங்கும்போது அதில் நல்ல பங்கு திரும்பி வரும், பேட்டரியில் இடம் இருந்தால். மேலே சார்ஜர் கிடைத்ததே என்று 100 சதவீதம் வரை ஏற்றினால், வண்டி திருப்பிச் சேமிக்க முடியாமல் மீள்பிரேக்கைக் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரமாக்குவது) குறைத்துவிடும். முதல் வளைவிலேயே கால் அழுத்தும் வழக்கமான அளவு போதாமல் திடுக்கிடுவீர்கள். மேலே 80, 85-லேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

* * *

வண்டியை நிறுத்திய பிறகு கவனிக்க வேண்டியது, மலை மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்டின் (வடக்கயிற்றில் தொங்கும் நாற்காலிகள், சேர்லிஃப்ட்) நேரம். கோடையிலும் எல்லா நாளும் ஓடும் என்று நினைக்காதீர்கள். பனிக்காலம் முடிந்ததும் வடக்கயிறு, பிடிப்பான் எல்லாம் சோதிக்கச் சில வாரம் மூடுவது பல இடங்களில் வழக்கம். முதல் நாற்காலி எப்போது என்பதைவிட, கடைசி நாற்காலி எப்போது இறங்குகிறது என்று முதலில் பாருங்கள்.

பனிச்சறுக்குப் பலகை இல்லாமல் காலால் நடந்துபோய் ஏறுகிறவர்களுக்குச் சேர்லிஃப்ட் கொஞ்சம் பழக வேண்டும். முதுகுப்பையைக் கழற்றி மடியில் வையுங்கள். தொங்கும் வார் நாற்காலியில் சிக்கினால் இறங்க முடியாது. நாற்காலியை எட்டிப் பார்த்தபடி நின்று, முழங்காலுக்குப் பின்னால் தொட்டதும் உட்காருங்கள். இறங்கியதும் நேரே நிற்காமல் பக்கவாட்டில் விலகுங்கள், அடுத்த நாற்காலி முதுகில் இடிக்கும்.

மேலே ஏறும்போது 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும். நாற்காலியில் அசையாமல் இருக்கும்போது காற்று அதற்கு மேல் குளிரும், அதனால் காற்றுத் தடுப்பு மேலுடை கைவசம் இருக்கட்டும். வெயிலோ நேர்மாறு, அதே உயரத்துக்குப் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம்போலக் கூடும்.

கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். மின்னல் நெருங்கினால் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். மேலே இருப்பவர்கள் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நடந்து இறங்க வேண்டும். அப்படி நடந்தால் சறுக்குச் சரிவின் புல்லில் நேராக இறங்காதீர்கள். செயற்கைப் பனிக்கான குழாய் முனைகள் புல்லுக்குள் மறைந்திருக்கும், ஈரப்புல் வழுக்கும், சைக்கிள்காரர்கள் வளைவிலிருந்து திடீரென்று வருவார்கள். ஜல்லிப் பாதை சுற்று என்றாலும் அதிலேயே வாருங்கள்.