ஸ்டென்ட் வச்ச பிறகு இடது பக்கம் படுத்துத் தூங்க முடியுதா உங்களுக்கு?

பல்லாவரம்காரன்:

எல்ஏடி-ங்கற இதயத்தோட முன்பக்க ரத்தக் குழாய்ல 90 சதவீதம் அடைப்பு. குழாயை விரிச்சுப் பிடிக்கற வலைக்குழாய், அதான் ஸ்டென்ட், ஒண்ணே ஒண்ணு, மணிக்கட்டு வழியா வச்சாங்க. 14 மாசம் ஆச்சு. எக்கோ ஸ்கேன், நடக்க வச்சுப் பாக்கற டிஎம்டி டெஸ்ட் எல்லாம் நல்லா இருக்கு, அதனால அந்தக் கதைக்குள்ள போகலை. இது வேற.

இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா காது தலையணையில அமுங்கி இதயம் அடிக்கிறது கேக்குது. அதுக்குப் பயந்து 14 மாசமா வலது பக்கம்தான். போன வாரம் ராத்திரி கரண்ட் போச்சு. ஃபேன் நின்ன அமைதியில, மல்லாக்கப் படுத்திருந்தவனுக்கே கேக்க ஆரம்பிச்சுடுச்சு. எண்ணினேன். 300 தாண்டினப்புறம்தான் உறைச்சது, எதுக்கு எண்ணிட்டிருக்கேன்னு. நின்னா உடனே பிடிச்சுடலாம்னு! நின்னு போனா எண்ணுறதுக்கு ஆள் இருக்காதுங்கறதுகூட அப்போ தோணலை.

50 வருஷம் இதே நெஞ்சோட தூங்கினவன்தான் சார். உங்க யாருக்காவது இது போச்சா? எப்படிப் போச்சு?

தாமிரபரணி அக்கா:

எனக்கு நெஞ்சு வலியே வரலை அண்ணாச்சி. தாடை வலி, முதுகு வலி, ரெண்டு வாந்தி. வாயுன்னு நெனச்சு ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்துட்டேன், மறுநாள்தான் ஆஸ்பத்திரி. உங்களுக்காவது நெஞ்சு மேல மட்டுந்தான் சந்தேகம். எனக்குத் தாடை, முதுகு, வயிறு எதையும் நம்ப முடியலை. பல் கூசினாலே கை, நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரை டப்பாவுக்குப் போயிரும்.

மருமக நல்ல பிள்ளை, ஆனா தேங்கா துருவினாக்கூட "அத்தை, வைங்க"ன்னு வாங்கிருவா. ஒருநாள் அவ வெளிய போயிருந்தா. அடிபம்புல ஒரு குடம் அடிச்சு இடுப்புல வச்சுத் தூக்கிட்டு வந்துட்டேன். தூக்கலாம்னு டாக்டர் எப்பவோ சொல்லியாச்சு, நாந்தான் தூக்கலை. வாசப்படி வந்ததும் நெஞ்சு திடுதிடுன்னு அடிக்கி. முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேன். குடத்தை இறக்கிட்டுப் படியில உக்காந்தேன். மாத்திரை உள்ள இருக்கு, எழுந்து போகக் கால் வரலை. நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு அப்படியே இருந்தேன். தண்ணி தளும்பி இடுப்புல சேலை நனைஞ்சு சில்லுன்னு இருந்துச்சு. ரெண்டு நிமிசம், மூணு நிமிசம் இருக்கும். யாரும் ஒண்ணும் செய்யாம அதுவாவே அடங்குச்சு. குடம் தூக்கினா அடிக்கும், இறக்கி வச்சா அடங்கும், சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தானே இருந்துச்சு? அழுதுட்டேன். நனைஞ்ச சேலையைப் பாத்து மருமக கண்டுபிடிச்சது தனிக் கதை.

ஒண்ணு. எனக்கு வலி இல்லை, வெறும் படபடப்பு. வலி வந்தா என்னை மாதிரி படியில உக்காராதீங்க, 108-க்குப் போடுங்க. ஓமத்தண்ணியில ஒரு ராத்திரியை விட்டவ சொல்லுதேன்.

நலமேநாடி:

பல்லாவரம் சார், இதெல்லாம் மனசுதான். முதல்முதலா பலூன் விட்டு இதயக் குழாய் அடைப்பை விரிச்சது 1977 செப்டம்பர் 16, சூரிக் நகரத்துல, டாக்டர் கிரன்ட்ஸிக். அப்போ ஸ்டென்ட்டே கிடையாது, மனுஷனுக்கு அதை வச்சது 1986-லதான். நாமெல்லாம் கொடுத்து வச்சவங்க. எனக்கு 3 ஸ்டென்ட், துளி பயம் கிடையாது.

ஈசிஜி எடுக்கற வாட்ச் ஒண்ணு வாங்குங்க. காலையில, மதியம், படுக்கும்போது ஒவ்வொரு தடவை, ராத்திரி முழிப்பு வந்தா அப்பவும் ஒரு தடவை. பிபி ரெண்டு வேளை பாத்து நோட்டுல எழுதணும். விரல்ல மாட்டற ஆக்சிமீட்டர் தலைமாட்டுல இருக்கட்டும், பேட்டரி மாத்தி வைங்க. வெறும் வயித்துல பூண்டு 10 பல். மூச்சுப் பயிற்சி 20 நிமிஷம், கிழக்கு பாத்து உக்காந்து. ராத்திரி 7 மணிக்குள்ள சாப்பாட்டை முடிச்சுடணும், அதுக்கப்புறம் டிவியில நியூஸ் பாக்கக் கூடாது, முக்கியமா விவாத நிகழ்ச்சி. தாமிரபரணி அம்மா குடம் தூக்கினது தப்பு. வயசான காலத்துல அந்த வேலை எதுக்கு?

தாமிரபரணி அக்கா:

எனக்கு 52 தம்பி.

கோவை நூல்மில்:

ராத்திரி முழிச்சு ஈசிஜி எடுக்கறவருக்குத் துளி பயம் கிடையாதுங்களா? சரிங்க.

நானும் அந்த வாட்ச் கட்டினவனுங்க. பீட்டா பிளாக்கர் சாப்பிட்டா துடிப்பு குறைஞ்சுதான் இருக்கும், அதுக்குத்தானே அந்த மாத்திரை. வாட்சுக்கு அது தெரியுமுங்களா? ராத்திரி 2 மணிக்கு 48-ன்னு காட்டி விர்ருன்னு அதிரும். அதைப் பாத்த பதட்டத்துல 100-க்கு ஏறும், மறுபடி அதிரும். 4 மாசம் இதே பொழப்பு. ஒருநாள் சார்ஜ்ல போட்டதை அப்படியே மறந்துட்டு மில்லுக்குப் போயிட்டேன். ஷிப்டு முழுக்க ஷெட்டுக்குள்ள நடந்துட்டு, டீக்கடையில மணி பாக்கக் கையைத் திருப்பினா, வெள்ளையா பட்டைத் தடம் மட்டும் இருக்குதுங்க. எட்டு மணி நேரம் எனக்கு இதயம்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் வரல. டீயைக் கையில வச்சுட்டு அந்தத் தடத்தையே பாத்துட்டு நின்னேன். வாட்ச் இப்ப மச்சான் கையில இருக்குது.

அப்புறம் அந்தப் பூண்டு. ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை சாப்பிடறவங்க 10 பல்லை மெல்லறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ரசத்துல தட்டிப் போடறது வேற.

நலமேநாடி:

நல்லதுக்குத்தான் சொன்னேன். 10 இல்லை, 2 பல். டைப் பண்ணும்போது தப்பாயிடுச்சு.

முப்பத்திநாலு:

ஸ்டென்ட் வச்சப்போ என் வயசுதான் இந்தப் பேர். கல்யாணமாகி ரெண்டு வருஷம். மிச்சத்தை நீங்களே புரிஞ்சுக்கோங்க. டாக்டர்கிட்ட கேக்க வெக்கப்பட்டே ஆறு மாசம் ஓடிடுச்சு. ஒரே கட்டில்ல நடுவுல ஒரு ஆள் படுக்கற அளவு இடம் விட்டுப் படுத்தோம். கடைசியில அவதான் ஃபைலை எடுத்துட்டு உள்ள போனா, என்னை வெளிய பெஞ்சுல உக்கார வச்சுட்டு. வந்து சொன்னா: "ரெண்டு மாடி நிக்காம ஏறி, நெஞ்சு வலியும் திணறலும் இல்லைன்னா போதுமாம்." அங்கேயே ஆஸ்பத்திரிப் படியில ஏறினோம். அவ முன்னாடி, ஒவ்வொரு படிக்கும் திரும்பித் திரும்பி என் முகத்தைப் பாத்துக்கிட்டு. ரெண்டாவது மாடியில அவளுக்குத்தான் மூச்சு வாங்குச்சு. செவுத்துல சாஞ்சு ரெண்டு பேரும் சிரிச்சதை ஒரு நர்ஸ் முறைச்சுட்டுப் போனாங்க.

(அதுக்குன்னு தனி மாத்திரை போடறவங்க சார்பிட்ரேட்டோட சேக்காதீங்க. பிபி தடால்னு விழுந்துடும்.)

14 மாத்திரை:

எனக்கு இல்லை, என் வீட்டுக்காரருக்கு. ஊர் சுகாதார நிலையத்துலயே 14 மாத்திரையை ஒரே தடவையா கொடுத்து 108-ல ஏத்திவிட்டாங்க. 2023-ல வந்த இதயம் காப்போம் திட்டம்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8. உள்ளங்கையில கொட்டி நான்தான் ஊட்டினேன், எண்ணிக்கை மறக்கவே மாட்டேங்குது.

அவர் இப்போ குறட்டை விட்டுத் தூங்கறார், இடது பக்கம்தான். நான்தான் தூங்கலை. குறட்டை நின்னா எழுந்து மூக்குகிட்ட கையை வச்சுப் பாப்பேன். அன்னைக்கு ஒருநாள் கண்ணைத் திறக்காமலே "இருக்கேன்டி"ன்னார். இவ்வளவு நாளும் முழிச்சுதான் இருந்தாரா? கேக்கலை. பக்கத்துல படுக்கறவங்களுக்கு இங்க யாருமே ஒண்ணும் சொல்லலையே.

பல்லாவரம்காரன்:

அக்கா சொன்ன மாதிரி செஞ்சு பாத்தேன். நேத்து ராத்திரி மூணு மாடி ஏறி மொட்டை மாடிக்குப் போய், இறங்கி வந்து, அடிக்கட்டும்னு நேரா இடது பக்கம் படுத்தேன். காதுக்குள்ள மேளம். கொஞ்சம் கொஞ்சமா மெதுவாச்சு. பழக்க தோஷம், எண்ணினேன். 40 வரைக்கும் ஞாபகம் இருக்கு.

நலமேநாடி:

சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு மாடி ஏறினீங்க?