விவாதம்: ஆஸ்துமாவுக்கும் நாட்பட்ட நுரையீரல் நோய்க்கும் மரபணு ஆராய்ச்சியால் என்ன பயன்?

மலைநாடன் எழுதியது:

2002-ஆம் ஆண்டு நேச்சர் இதழில் ஏடம்33 என்னும் மரபணுவைப் பற்றிய கட்டுரை வெளிவந்தபோது, ஆஸ்துமாவின் ஆணிவேரே அகப்பட்டுவிட்டது என்ற அளவில் பேச்சு எழுந்தது. பிரிட்டனையும் அமெரிக்காவையும் சேர்ந்த 460 குடும்பங்களை ஆராய்ந்து, 20-ஆம் குரோமோசோமில் அந்த மரபணுவை அடையாளம் கண்டிருந்தார்கள். பின்னர் வேறு மக்களிடையே நடந்த ஆய்வுகள் சிலவற்றில் அந்தத் தொடர்பு தென்பட்டது, வேறு சிலவற்றில் தென்படவில்லை. முழு மரபுத்தொகுதியையும் அலசிய பெரிய ஆய்வுகள் வந்தபோது, முன்வரிசையில் அதன் பெயரே இல்லை. இன்றும் நம் ஊர் மருத்துவர் எழுதித் தருவது, அந்தக் கட்டுரைக்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்த ஸ்டீராய்டு இன்ஹேலரைத்தான்.

மறுபக்கம் பாருங்கள். உலக நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீட்டில், 1990-இல் இந்தியாவில் 2.81 கோடியாக இருந்த, சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளின் எண்ணிக்கை 2016-இல் 5.53 கோடியாக உயர்ந்தது. அந்த நோயின் சுமையில் 53.7 விழுக்காட்டுக்குக் காற்று மாசும், 25.4 விழுக்காட்டுக்குப் புகையிலையும் காரணம் என்று அதே ஆய்வு கணக்கிட்டது. 26 ஆண்டுகளில் ஒரு மக்கள்திரளின் மரபணு மாறிவிடாது. மாறியவை மக்கள்தொகையும் வயதும் காற்றும்தான்.

ஆமிஷ், ஹட்டரைட் என்னும் இரு அமெரிக்கச் சமூகங்களை ஒப்பிட்டு 2016-இல் வெளிவந்த ஆய்வு இதற்கு முத்திரை வைத்தது. இரண்டும் ஐரோப்பாவிலிருந்து குடியேறி, தமக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் வேளாண் சமூகங்கள். மரபு வழியில் மிக நெருங்கியவை. ஆயினும் பள்ளிச் சிறார்களில் ஆஸ்துமா ஆமிஷ் மக்களிடம் 5.2 விழுக்காடு, ஹட்டரைட் மக்களிடம் 21.3 விழுக்காடு. முன்னவர் வீட்டை ஒட்டிய தொழுவத்தில் மாடு வளர்த்துக் குதிரையால் உழுபவர்கள்; பின்னவர் இயந்திரமயமான பெரும்பண்ணைக்காரர்கள். இதற்கு மேலும் மரபணுவைத் துருவுவது எதற்கு என்பதே என் கேள்வி.

ஆய்வகத்தான் எழுதியது:

நண்பர் மலைநாடன் எடுத்துக்காட்டிய ஆமிஷ் ஆய்விலிருந்தே தொடங்குகிறேன்; அது அவர் கட்சிக்குச் சாட்சி சொல்லும் அளவுக்கு என் கட்சிக்கும் சொல்லும். அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான சிகாகோ பல்கலைக்கழகத்தின் கரோல் ஓபர், ஹட்டரைட் மக்களிடம் ஆஸ்துமாவின் மரபுக் காரணங்களைப் பல ஆண்டுகள் தேடிய மரபியலாளர். இரு சமூகங்களின் மரபு வழியும் ஒத்தது என்று அவர்கள் சொன்னது ஊகத்தால் அன்று, குழந்தைகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்ததால். அந்த ஒப்பீடு இல்லாமல் 5.2, 21.3 என்ற எண்களை மட்டும் வெளியிட்டிருந்தால், "பரம்பரை வேறாக இருக்கும்" என்று எவரும் ஒரே வரியில் தள்ளியிருக்கலாம்.

ஏடம்33 பற்றிய குறையை மறுக்க நான் வரவில்லை. சில நூறு குடும்பங்களை வைத்துக்கொண்டு ஆஸ்துமா போன்ற நோயில் ஒரு மரபணுவைப் பிடித்துவிடலாம் என்று நினைத்த காலம் அது. 2007-இல் 994 குழந்தைப்பருவ ஆஸ்துமா நோயாளிகளையும் நோயில்லாத 1,243 பேரையும் ஒப்பிட்டபோது 17-ஆம் குரோமோசோமில் 17கியூ21 என்ற பகுதி எழுந்து நின்றது. 2010-இல் 10,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட காப்ரியேல் ஆய்விலும் அது நிலைத்தது, அதுவும் குழந்தைப்பருவத்தில் தொடங்கும் ஆஸ்துமாவுக்கே உரியதாக. முதுமையில் வருவதும் மழலையில் வருவதும் ஒரே பெயர் தாங்கிய இருவேறு நோய்களாக இருக்கலாம் என்ற மருத்துவர்களின் நெடுநாள் ஐயத்துக்கு அது வலுவான சான்று.

சுவையான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. பிரெஞ்சுக் குடும்பங்களில் 2008-இல் நடந்த ஆய்வு, இந்தப் பகுதியில் ஆபத்தான மாறுபாட்டைக் கொண்ட குழந்தை சிறு வயதிலேயே சிகரெட் புகையைச் சுவாசித்தால் ஆபத்து மேலும் கூடுகிறது என்று காட்டியது. 2013-இல், சாதாரணச் சளிக்குக் காரணமான ரைனோவைரஸால் இளம் வயதில் இழுப்பு வந்த குழந்தைகளிடமே இந்த மாறுபாட்டின் விளைவு வலுவாக இருப்பது தெரிந்தது. ஐரோப்பியப் பண்ணைக் குழந்தைகளிடமோ, இதே மாறுபாட்டைக் கொண்டவர்கள் மாட்டுத்தொழுவத்தில் புழங்கியபோது இழுப்பு குறைவாகக் காணப்பட்டது. ஒரே மரபணு மாறுபாடு, புகை சூழ்ந்த வீட்டில் பகையாகவும் தொழுவத்தருகே உறவாகவும் நடந்துகொள்கிறது. சூழலா மரபா என்று பட்டிமன்றத் தலைப்பைப் போல் இந்த நோயைப் பிரித்து வைப்பது எப்படிப் பொருந்தும்?

மலைநாடன் எழுதியது:

ஆமிஷ் ஆய்வைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். மரபியலாளரே அதைச் செய்தார் என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அறிவு பெருகுவது வேறு, நோயாளிக்குப் பயன்படுவது வேறு.

எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று மரபணுவே சொல்லிவிடும் என்றார்களே, அதை எடுத்துக்கொள்வோம். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்துகள் பற்றிக்கொள்ளும் பீட்டா-2 ஏற்பியின் மரபணுவில் 16-ஆம் இடத்தில் ஒரு மாறுபாடு உண்டு. அத்தகைய மருந்தான சால்பியூட்டமாலைத் தொடர்ந்து எடுத்துக்கொள்வது ஒரு வகையினருக்கு ஏற்றதன்று என்று 2004-இல் வெளிவந்த ஒரு சோதனை காட்டவே, பரபரப்பு எழுந்தது. 2009-இல், ஸ்டீராய்டு இன்ஹேலருடன் அதே இனத்தைச் சேர்ந்த சால்மெட்டரால் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது இரு வகையினரும் ஒரே அளவில் தேறினார்கள். ஆக, இன்றும் இன்ஹேலர் எழுதும் முன் எந்த மருத்துவரும் மரபணுச் சோதனை கேட்பதில்லை.

சி.ஓ.பி.டி.யில் 15-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியைக் கண்டுபிடித்து 2009-இல் அறிவித்தார்கள். அங்கே இருப்பவை நிக்கோட்டின் ஏற்பிகளின் மரபணுக்கள்! அவை ஒருவர் எத்தனை சிகரெட் பிடிப்பார் என்பதோடும் தொடர்புடையவை. நுரையீரலின் மரபணுவைத் தேடிப் போய்ப் பீடிக்கட்டின் மரபணுவைக் கண்டெடுத்த கதையாக இது எனக்குப் படுகிறது. 2023-இல் ஏறத்தாழ 5,80,000 பேரின் தரவுகளிலிருந்து நுரையீரல் செயல்திறனோடு தொடர்புடைய 1,020 மரபுக் குறிகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. பட்டியல் நீள்வதையே முன்னேற்றம் என்று கொள்ள என்னால் இயலவில்லை.

ஆய்வகத்தான் எழுதியது:

பீடிக்கட்டு உவமையை ரசித்தேன். ஆனால் அதே 2009-ஆம் ஆண்டுக் கட்டுரை எச்.எச்.ஐ.பி. என்ற மற்றொரு மரபணுவின் அருகிலும் குறியைச் சுட்டியது. அது கருவில் நுரையீரல் உருவாகும் வழிமுறையோடு இணைந்தது, புகைப் பழக்கத்தோடு அன்று. இளமையில் முழு வளர்ச்சியை எட்டாத நுரையீரலே முதுமையில் முதலில் தளர்கிறது என்ற பார்வைக்கு இத்தகைய குறிகள் இடம் தருகின்றன.

மருந்துக்கு வருவோம். மூச்சுக்குழாயின் உட்படலம் எச்சரிக்கை ஒலிபோல் வெளியிடும் டி.எஸ்.எல்.பி. என்ற புரதத்தைத் தடுக்கும் டெசெபெலுமாப் என்னும் மருந்துக்கு, கடுமையான ஆஸ்துமாவுக்காக 2021 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அந்தப் புரதத்தை முதலில் கண்டது மரபணுத் தேடல் என்று சொன்னால் அது பொய். நோயெதிர்ப்பியலார் முன்பே அறிந்திருந்தார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான மரபணுக்களுள் டி.எஸ்.எல்.பி.யும், அதைப் போன்றே எச்சரிக்கைப் புரதமான ஐ.எல்.-33-உம் அதன் ஏற்பியும் பெரிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்து நின்றது, மனித நோயில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்பதற்கு எலிகளால் தர முடியாத சான்று.

மலைநாடன் எழுதியது:

"முன்பே அறிந்திருந்தார்கள்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஐ.எல்.-33-ஐத் தடுக்கும் இட்டெபெகிமாப் மருந்தின் இரு பெரிய சி.ஓ.பி.டி. சோதனைகளின் முடிவு 2025-இல் அறிவிக்கப்பட்டபோது ஒன்று இலக்கை எட்டியது, மற்றொன்று எட்டவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புகையை அகற்றினால் நோய் குறையும் என்பதற்கு இத்தகைய ஊசலாட்டம் கிடையாது.

ஆய்வகத்தான் எழுதியது:

கிடையாதா? குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளோடு நம் தமிழ்நாட்டிலும் சேர்த்து, ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளிடம் ஹேப்பின் என்ற சோதனை நடந்தது. பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் பெருமளவு குறைந்தது. ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடையிலோ கடும் நிமோனியாவிலோ எதிர்பார்த்த வேறுபாடு தெரியவில்லை. இதனால் விறகடுப்புக்கே திரும்புவோம் என்று நான் சொல்வேனா? ஏமாற்றம் தந்த ஒரு சோதனையைக் கொண்டு துறையையே தள்ளிவிட முடியாது என்ற நியாயம் இரு பக்கத்துக்கும் பொது.

மலைநாடன் எழுதியது:

அந்தச் சோதனை கர்ப்ப காலத்தில் தொடங்கிக் குழந்தையின் முதல் ஆண்டோடு நின்றது. சி.ஓ.பி.டி. 30, 40 ஆண்டுகள் புகையில் ஊறி வருவது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையன்று.

பூவரசு எழுதியது:

இருவரின் வாதத்தையும் பொறுமையாகப் படித்தேன். இருவரும் பேசும் நோயாளி யார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

என் அம்மா வாழ்நாளில் பீடியைத் தொட்டவர் அல்லர், அப்பாவும் புகைக்காதவர். ஆறாண்டுகளுக்கு முன்பு ஒரு மருத்துவமனையில், ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையைச் செய்யாமலேயே, வயதான ஆஸ்துமா என்று எழுதி அனுப்பினார்கள். வேறோரிடத்தில் அந்தச் சோதனையைச் செய்த பிறகே சி.ஓ.பி.டி. என்று தெரிந்தது. அம்மா பல்லாண்டு சமைத்த விறகடுப்பைப் பற்றி முதல் மருத்துவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஆய்வகத்தான் ஐயா அவர்களே, அமெரிக்காவில் 10,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்த சி.ஓ.பி.டி.ஜீன் ஆய்வைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோயாளியாகச் சேர, நாள் ஒன்றுக்கு ஒரு பெட்டி வீதம் குறைந்தது 10 ஆண்டுகள் சிகரெட் பிடித்ததற்கு ஈடான பழக்கம் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. என் அம்மாவை அதன் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். பல மரபுக் குறிகளைக் கூட்டி சி.ஓ.பி.டி. ஆபத்தைக் கணிக்கும் மரபு மதிப்பெண் ஒன்று 2020-இல் வெளிவந்தது; ஐரோப்பிய வழியினரில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற பத்தில் ஒரு பங்கினருக்கும் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற பத்தில் ஒரு பங்கினருக்கும் இடையே அது ஆபத்தில் ஏறத்தாழ 8 மடங்கு வேறுபாட்டைக் காட்டியது. மற்றவர்களிடம் அது 5 மடங்குக்கும் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. மரபணு ஆராய்ச்சி வீண் என்று மலைநாடன் சொல்கிறார். வீண் இல்லை, ஆனால் எங்கள் வீட்டுக்கு அது இன்னும் வரவில்லை என்று நான் சொல்கிறேன்.

ஆய்வகத்தான் எழுதியது:

சகோதரி பூவரசு அவர்களின் கேள்வி எங்கள் இருவர் வாதத்தையும் விடக் கூர்மையானது. ஸ்வீடனில் 1963-இல் லாரெல், எரிக்சன் என்னும் இருவர், ஏறத்தாழ 1,500 இரத்த மாதிரிகளில் ஐந்தில் மட்டும் ஒரு புரதப் பட்டை இல்லாததைக் கண்டார்கள். அந்த ஐவரில் மூவருக்கு நுரையீரல் காற்றறைகள் சிதையும் எம்பைசீமா இருந்தது. அந்தப் புரதமான ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சினின் பரம்பரைக் குறைபாடு அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது; நுரையீரலைக் கரைக்கும் நொதிக்கும் அதைத் தடுக்கும் புரதத்துக்கும் இடையிலான சமநிலை குலைவதே எம்பைசீமா என்ற கோட்பாடு அங்கிருந்து வளர்ந்தது. அந்தக் குறைபாட்டின் கடுமையான வடிவம் வட ஐரோப்பியரிடம் மிகுதி, தெற்காசியரிடம் அரிது. யாருடைய இரத்தத்தைப் பார்க்கிறோமோ அவர்களுடைய நோய்தான் நமக்குத் தெரியும். விறகுப் புகையில் 40 ஆண்டுகள் இருந்தும் நோய் வராத பெண்களையும், வந்த பெண்களையும் ஒப்பிடும் பெரிய மரபணுத் தொகுப்பு நம்மிடம் வேண்டும். ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 மரபுத்தொகுதிகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. ஆனால் அவை நலமுள்ளவர்களுடையவை. ஒப்பிட ஒரு பக்கம் இருக்கிறது, மறுபக்கத்தை இனித்தான் சேர்க்க வேண்டும்.

மலைநாடன் எழுதியது:

அப்படிப்பட்ட ஆய்வுக்கு நான் எதிரியல்லன். ஆனால் அதற்கு இரத்தம் கொடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஸ்பைரோமெட்ரியும் இன்ஹேலரும் அதே நாளில் கிடைக்க வேண்டும். முடிவு வரட்டும் என்று காத்திருக்க வைத்தால் என் எதிர்ப்பு அப்படியே இருக்கும்.

பூவரசு எழுதியது:

அம்மா இரத்தம் கொடுப்பார், கேட்டுவிட்டேன். படிவத்தில் என்ன கேட்பீர்கள் என்பதே என் கவலை. சிகரெட்டுக்குப் பெட்டிக் கணக்கு இருப்பதுபோல, நாளொன்றுக்கு அடுப்படியில் இருந்த மணி நேரத்தை ஆண்டுகளால் பெருக்கும் கணக்கு ஒன்று ஆய்வாளர்களிடம் உண்டு என்று படித்தேன். அம்மாவுக்கு நாளுக்கு 4 மணி, 38 ஆண்டு; 152 வருகிறது. ஆனால் அறுவடைக்குப் பிறகு கொல்லையில் அண்டா வைத்து உமியும் வைக்கோலும் எரித்து நெல் அவித்த நாள்கள் அதில் இல்லை. விடியற்காலையில் தொடங்கினால் மாலைவரை அந்தப் புகையில்தான் நிற்பார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?