டாப்-பிரேக்குக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

நண்பர்களே,

பழைய பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வர்களைச் சேகரிப்பவர்களுக்கான நூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வெப்லி நிறுவன ரிவால்வர்கள் பற்றிய அத்தியாயம் போயாக வேண்டும். மாட்டிக்கொண்ட இடம் ‘டாப்-பிரேக்’. 1887-இல் ராணுவம் ஏற்ற மார்க் 1 முதல் 1915-இன் மார்க் 6 வரை எல்லாமே இந்த வகைதான். இடப்பக்க நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழலும் உருளையும் சேர்ந்து முன்பக்கம் சாயும். நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழும்பி, ஆறு காலிக் கூடுகளையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விடும். நான் ‘முறிதுப்பாக்கி’ என்று போட்டிருந்தேன். “குண்டு போடத் துப்பாக்கியை முறிக்கவும்” என்ற என் வரியை நானே படித்ததும் பயம் வந்துவிட்டது.

* * *

முறி வேண்டவே வேண்டாம். ‘தாழ்குழல்’ வையுங்கள். தாழும் குழல், வினைத்தொகை. தாழ் என்றால் தாழ்ப்பாளும்தான், ‘அடைக்குந்தாழ்’ நினைவிருக்கும். அந்தத் துப்பாக்கியை மூடிப் பிடிப்பதும் ஒரு தாழ்தானே? அப்படியே ரிவால்வரையும் ‘சுழலி’ ஆக்கிவிடலாம். துப்பாக்கிக்கு மாற்று தேட வேண்டாம், அது குறளிலேயே இருக்கிறது.

* * *

ஐயா, குறளில் இருப்பது துப்பு ஆக்கி. மழை உணவை ஆக்குவது. சுடுகிற துப்பாக்கி துருக்கியின் துஃபெக், தெலுங்கு வழியாக நம்மிடம் வந்தது. சுழலியை மின்பொறியாளர்கள் எப்போதோ ரோட்டருக்கு எடுத்துக்கொண்டார்கள். ரிவால்வர் என்றால் பழைய படம் பார்த்த பாட்டிக்கும் தெரியும், விட்டுவிடுங்கள். ‘மடக்கு ரிவால்வர்’ போதும். மடக்குக் கத்தி, மடக்குக் கட்டில் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

* * *

மடக்குக் கட்டிலை மடக்குவது மூலையில் சாத்த. இதை மடக்குவது சுட.

* * *

இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். 1997 தடைக்குப் பின் வெப்லி போன்றவற்றைச் சுட வேண்டுமானால், பிஸ்லி சுடுதளம் மாதிரி அனுமதி பெற்ற இடத்திலேயே வைத்து அங்கேயே சுட வேண்டும். அங்கே மார்க் 6 பார்த்திருக்கிறேன். குழல் மடங்காது, உருளைக்கு முன்னால், அடியில் உள்ள கீலில் கவிழும். என் ஓட்டு ‘கவிழ்குழல்’.

ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று. .455 தோட்டாவுக்காகச் செய்த உருளையின் பின்பக்கத்தைச் சீவி, அமெரிக்க .45 ஏசிபி போடும்படி மாற்றிய வெப்லிகள் நிறைய உண்டு. அந்தத் தோட்டாவின் அழுத்தம் அதிகம். பழைய உருளை பிளந்துபோகலாம். நீங்கள் உருளையையும் அதிலுள்ள ஆறு குழிகளையும் ‘அறை’ என்றே எழுதினால், எதைச் சீவினார்கள் என்று யாருக்கும் விளங்காது.

* * *

1901 வெப்லி-ஃபாஸ்பெரியை என்ன செய்வீர்கள்? அதுவும் கவிழும், ஆனால் உருளையைச் சுழற்றுவது சுட்டதும் வரும் பின்னுதைப்பு. உருளை மேல் கோலம் போட்டதுபோல் நெளிவெட்டு. அதற்கு ‘தன்சுழலி’...

* * *

ஃபாஸ்பெரி என் அத்தியாயத்தில் இல்லை ஐயா, பிழைத்தேன். வியாழன் இரவு ஆகிவிட்டது. தனிமடல்களையும் சேர்த்தால் மடக்குக்கு மூன்று ஓட்டு, கவிழ்குழலுக்கு ஒன்று, தாழ்குழலுக்கு ஒன்று. ‘மடக்கு ரிவால்வர்’ என்றே அனுப்புகிறேன். உருளை, குண்டறை என்று பிரித்துவிட்டேன். சீவிய உருளை பற்றிய எச்சரிக்கை தடித்த எழுத்தில் போகிறது.

* * *

அனுப்புங்கள். ஆனால் சொற்பட்டியலில் தாழ்குழலையும் குறித்து வையுங்கள். வந்த சொல்லே திரும்ப வரும் மடக்கணியைப் படித்தவன் உங்கள் மடக்கைப் பார்த்தால், வந்த குண்டே திரும்பத் திரும்ப வரும் போலிருக்கிறது என்றுதான் நினைப்பான்.