வாரத் தவணைகளில் முழுப் பெட்டிக் கணக்கு: எந்த எண்ணை முழுமையாக்குவது?

கேள்வி:
கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் ஆலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் பணியாற்றுகிறேன். பேரிங்குகளுக்கு மாதம் ஒரு ஆர்டர் கொடுத்து, வாரத் தவணைகளில் பெறுகிறோம். சப்ளையர் 24 பேரிங் கொண்ட பெட்டியைப் பிரித்துத் தருவதில்லை. நான்கு வாரத் தேவை முறையே 100, 70, 130, 60. மொத்தம் 360, அதாவது சரியாக 15 பெட்டிகள். ஆனால் எண்ணை அடுத்த மடங்குக்கு உயர்த்தும் எக்செல்லின் சீலிங் சூத்திரத்தால் ஒவ்வொரு வாரத்தையும் தனித்தனியே முழுப் பெட்டியாக்கினால் 120, 72, 144, 72 என 408 ஆகிவிடுகிறது. எந்த வாரமும் தட்டுப்பாடு வராமல் இந்த இரண்டு பெட்டி மிகையைத் தவிர்க்க முடியுமா?

மறுமொழி 1:
முடியும். வாரத் தேவையை விட்டுவிட்டு, அந்தந்த வாரம் வரையிலான கூட்டுத் தேவையை முழுமையாக்குங்கள். 100, 170, 300, 360 என்பவை 120, 192, 312, 360 ஆகும். ஒவ்வொன்றிலிருந்தும் முந்தையதைக் கழித்தால் தவணைகள் 120, 72, 120, 48 எனக் கிடைக்கும். வார இறுதியில் மிஞ்சுவது 20, 22, 12, 0. அட்டவணை எத்தனை வாரம் நீண்டாலும் மிகை 23-ஐத் தாண்டாது. தனித்தனியே முழுமையாக்கும்போதோ, முந்தைய வாரம் மிஞ்சியதை அடுத்த வாரக் கணக்கு பார்ப்பதே இல்லை.

மறுமொழி 2:
கிடங்கில் உள்ள தொடக்க இருப்பைக் கூட்டுத் தேவையிலிருந்து முதலில் கழித்துவிட்டுப் பிறகே முழுமையாக்க வேண்டும். வரிசை மாறினால் தேவையற்ற ஒரு பெட்டி நுழைந்துவிடக்கூடும். எஸ்ஏபி போன்ற நிறுவன மேலாண்மை மென்பொருளில் பொருளின் பதிவில் ரவுண்டிங் வேல்யூ (எந்த எண்ணின் மடங்காக்குவது என்பது) 24 என்று கொடுத்து எம்ஆர்பி (பொருள் தேவைத் திட்டமிடல்) ஓட்டினால், முந்தைய வரவின் மிச்சத்தைக் கழித்த நிகரத் தேவையைத்தான் அது முழுமையாக்கும். ஆகவே இந்தச் சிக்கல் பெரும்பாலும் கையால் போடும் தாள்களில்தான் எழுகிறது.

மறுமொழி 3:
முதல் மறுமொழியின் முறை திட்டமிடும் நாளுக்குச் சரி. சரக்கு வரத் தொடங்கிய பின் அது போதாது என்பது என் கருத்து. இரண்டு வாரங்களில் 192 வந்து, மூன்றாம் வாரத் தேவை 130-லிருந்து 20 ஆகக் குறைந்தால் கூட்டுத் தேவை 190 தான். அந்த வாரம் பெட்டியே வேண்டியதில்லை. ஆனால் வந்த 192-இல் 5 பேரிங்குகளைத் தரப் பரிசோதனை நிராகரித்திருந்தால், கையில் உள்ளது 187. மூன்று குறைவதால் ஒரு பெட்டி வாங்கியே ஆக வேண்டும். எனவே கூட்டுத் தேவையிலிருந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட வரவையும், அனுப்பப்பட்டு இன்னும் வந்து சேராத சரக்கையும் கழித்து, எஞ்சும் குறையை மட்டும் 24-இன் மடங்காக்குங்கள். விடை எதிர்மறையாக வந்தால் பூஜ்ஜியம் என்று கொள்ளும்படி மேக்ஸ் சூத்திரத்தையும் சேர்த்துவிடுங்கள்.