பாட்டி வீட்டுப் பிள்ளைகள் குழு: செந்தூலில் வைஃபை உண்டு, நெட் இல்லை

பெரியம்மா (செந்தூல்): எல்லாரும் பசியாறியாச்சா? இங்கே காலையிலிருந்து வைஃபை கோடு முழுசாகக் காட்டுகிறது, ஆனால் "இணையம் இல்லை" என்று வருகிறது. பெரியப்பா செய்தி பார்க்க முடியாமல் வாசலுக்கும் ஹாலுக்கும் நடக்கிறார்.

சித்தி (கிள்ளான்): நேற்று அடித்த இடிக்கு மோடம் போயிருக்கும் அக்கா.

மாமா (பத்து கேவ்ஸ்): ரவுட்டருக்குப் பின்னால் சின்ன ஓட்டை இருக்கும். ஊசியை விட்டு அழுத்து, சரியாகிவிடும்.

நான்: ஐயோ மாமா! பெரியம்மா, ஊசியை எடுக்காதீர்கள். அது ரீசெட். நெட் கம்பெனி கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும். அந்தத் தாள் இருக்கிறதா?

பெரியம்மா: எந்தத் தாள்?

நான்: அதான் 😅 டிவியிலும் இதே கதையா?

பெரியம்மா: ஆமாம், சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அக்கா: போனில் அந்த வைஃபையை அழித்துவிட்டு மறுபடி சேர்த்துப் பாருங்களேன்.

நான்: ஒரு போனில் மட்டும் என்றால் அதைச் செய்யலாம் அக்கா. எல்லாவற்றிலும் இல்லை என்றால் ரவுட்டரிலோ அதற்கு அந்தப் பக்கமோதான் கோளாறு. பெரியம்மா, சுவரிலிருந்து மெல்லிய ஒயர் வரும் வெள்ளைப் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) விளக்கு, ஃபைபரில் சிக்னல் இல்லை என்றால் எரிவது, சிவப்பா?

பெரியம்மா: அது எரியவே இல்லை. பான் (PON) என்று போட்ட விளக்கு பச்சை.

நான்: அப்படியென்றால் ஃபைபர் நன்றாக இருக்கிறது. சிவப்பு என்றால் கம்பெனிக்குத்தான் போன் பண்ண வேண்டும், நாம் பேசிப் பயனில்லை. ரவுட்டர் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

பெரியம்மா: 📷

நான்: நீல போர்ட் காலி! வெள்ளைப் பெட்டி ஒயர் மஞ்சள் போர்ட்டில் இருக்கிறது. யார் கை வைத்தது?

பெரியம்மா: தீபாவளி வருகிறதே, பெரியப்பா டிவி மேசையைத் துடைத்தார்.

பெரியப்பா: அவ்வளவு தூசி. ஓட்டை எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது லா.

நான்: அளவு ஒன்றுதான் பெரியப்பா. உங்கள் ரவுட்டரில் நீலம்தான் வான் (WAN) போர்ட், நெட் உள்ளே வரும் வழி. மஞ்சள் நான்கும் வீட்டு டிவி, கம்ப்யூட்டருக்கு. ஒயரை மஞ்சளில் செருகினாலும் ரவுட்டர் போனுக்கு 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரி எண் கொடுத்துவிடும், அதனால் வைஃபை சேர்ந்துகொள்ளும். கம்பெனியிடம் மட்டும் லாகின் ஆகாது. ஒயரை நீலத்துக்கு மாற்றிவிட்டு இரண்டு பெட்டியையும் அணையுங்கள். முதலில் வெள்ளைப் பெட்டியைப் போடுங்கள். பச்சை சிமிட்டாமல் நின்றதும் ரவுட்டர்.

பெரியம்மா: வந்துவிட்டது தம்பி! பெரியப்பா உட்கார்ந்துவிட்டார்.

நான்: போன் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். டேட்டாவில் ஓடினால் வைஃபை என்று நினைத்துக்கொள்வோம்.

பெரியம்மா: அணைத்தேன். ஓடுகிறது 🙏

மாமா: தம்பி, என் லேப்டாப்பில் முகவரி 169.254 என்று தொடங்குகிறது. அதுவும் நீல போர்ட் கோளாறுதானா?

நான்: இல்லை மாமா. ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் லேப்டாப் தானே வைத்துக்கொண்ட எண் அது. லேப்டாப்பில் வைஃபையை அணைத்துப் போடுங்கள், ரவுட்டரையும் ஒரு தடவை. வராவிட்டால் வேலை முடிந்து வருகிறேன்.

மாமா: சரி, வா. அத்தை தோசைக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறாள்.